ஓரெஸ்ட் மிஹாலிக்கின் நாலு அங்குலம்

ஹால்டன் நகரத்தில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தால் கேள்விகள் இரண்டு கேட்கப்படும். முதலாவதைப் பாதிரியார் கேட்பார். அதற்குக் குழந்தையின் சார்பில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதை, வெளியே படிக்கட்டில் நிற்கும் பெரியப்பா கேட்பார்: "பர்டியா, டுடெக்கா?" இதற்குப் பதில் வராமல் கேக்கில் கத்தி இறங்காது.

ஊருக்கு நடுவில் ஆறு. வடக்கே ஒரு மேடு, தெற்கே ஒரு மேடு. எழுபதுகளில் மேட்டுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஆற்றங்கரையில் ஒரே ஒரு ஃபுட்பால் மைதானம். அமெரிக்க ஃபுட்பால், பந்தை உதைப்பதைவிடத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். பென்சில்வேனியாவின் மேற்கு மூலையில் சமதரை என்பது கேட்டதும் கிடைக்கிற பொருள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை வடக்குப் பள்ளி ஆடும், மறு வெள்ளிக்கிழமை தெற்குப் பள்ளி. 1974 முதல் 76 வரை வடக்கின் பந்தைத் தூக்கிக்கொண்டு லமாண்ட் பர்டி ஓடினார். தெற்கின் பந்தைத் தூக்கிக்கொண்டு எமில் டுடெக் ஓடினார். அன்றிலிருந்து ஊர் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடவில்லை.

பர்டி பந்தை வாங்கியதும் முதலில் பின்னால் ஓடுவார். பிறகு பக்கவாட்டில். எதிரணியில் ஆறு பேர் புல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கையில் அவர் எழுபது கஜம் தள்ளி, ஒன்றும் நடக்காத முகத்தோடு நிற்பார். அல்லது நாலு கஜம் பின்னால், இருந்ததையும் விட்டுவிட்டு மல்லாந்து கிடப்பார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒன்றும் தெரியாது. தெற்கு மேட்டில் சொல்வார்கள்: "அவன முக்குக் கடைக்கு ரொட்டி வாங்க அனுப்பினா ஒஹாயோ போய்ச் சுத்திட்டு வருவான்."

டுடெக்கிடம் பந்தைக் கொடுத்தால் நாலு கஜம். மறுபடி கொடுத்தால் நாலு. மூன்றாவது தடவை மூன்றரை. எதிரே பதினொரு பேர் நின்றாலும் நாலு, ஒருவருமே நிற்காவிட்டாலும் நாலு. வடக்கு மேட்டில் சொல்வார்கள்: "கதவு தெறந்திருந்தாலும் அவன் பக்கத்துச் செவுத்தத்தான் முட்டுவான்."

மூன்று வருடக் கூட்டல்: பர்டி 4,812 கஜம், டுடெக் 4,790. ஆனால் டுடெக்குக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து ஒரு ஆட்டம் போயிற்று. "அந்த ஒரு ஆட்டம் மட்டும் ஆடியிருந்தா..." என்று தெற்கு ஆரம்பிக்கும். "அந்தப் பின்னால ஓடின கஜத்தையெல்லாம் மட்டும் கழிக்காம இருந்தா..." என்று வடக்கு முடிக்கும். இந்தச் சர்ச்சையில் இரண்டு கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. ஒன்று, பிடிவாதத்தின் பேரில், நடந்திருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் இந்தக் கேள்விக்கு வாயே திறக்காமல் ஐம்பத்தெட்டு வயதைத் தொட்ட மனிதர் ஒருவர்தான். ஓரெஸ்ட் மிஹாலிக். அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த இரண்டு பேரையும் ஒரு ஆட்டம் விடாமல் மூன்று வருடம் மைதான விளிம்பிலிருந்து பார்த்தவர் உலகத்திலேயே அவர்தான். அவர் சங்கிலிக்காரர்.

விஷயம் சுலபம். நாலு முயற்சியில் பத்து கஜம் போக வேண்டும். போனால் பந்து உன்னிடமே இருக்கும், போகாவிட்டால் அடுத்தவனுக்கு. போனானா இல்லையா என்று சந்தேகம் வந்தால், விளிம்பில் தயாராக இருக்கும் பத்து கஜச் சங்கிலியை உள்ளே கொண்டுபோய் இழுத்துப் பார்ப்பார்கள். முனைக்கு ஒரு கம்பு, கம்புக்கு ஒரு ஆள். தூக்கிக்கொண்டு போகும்போது சங்கிலி முன்னே பின்னே நகர்ந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காகத் தரையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு ஒன்றுக்கு நேராக, சங்கிலியின் நடுவில் ஒரு சின்னக் கவ்வியை மாட்டுவார்கள். உள்ளே போனதும் அதே கோட்டில் கவ்வியை வைத்தால் சங்கிலி பழைய இடத்திலேயே நிற்கும். அந்தக் கவ்வி ஓரெஸ்ட்டுடையது. வேலை மூன்று: குனிவது, நிமிர்வது, வாயை மூடிக்கொண்டிருப்பது.

மூன்றாவதுதான் பெரிய வேலை. சங்கிலிக்காரர் கத்தக் கூடாது, கைதட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. வடக்கின் அரக்கு நிறமும் தெற்கின் பச்சையும் உடம்பில் படக் கூடாது. ஓரெஸ்ட் தவிட்டு நிறத்தில் ஒரு மேல்கோட்டு வைத்திருந்தார். அதை வாங்கும்போதே யாருக்கும் பிடிக்காத நிறமாகப் பார்த்து வாங்கினார் என்று அவர் மனைவி தெல்மா சொல்வாள். இடைவேளையில் ஒரு வாரம் வடக்குத் தேவாலயத்துப் பெண்களின் கடையில் சாஸேஜ் தின்பார். மறு வாரம் தெற்குக் கடையில் வெங்காயம் வதக்கிப் போட்ட பியரோகி, அதாவது உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. இரண்டையும் ஒரே மாதிரி மென்று, ஒரே மாதிரி தலையாட்டுவார்.

பிழைப்புக்கு அவர் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்த்தார். எல்லா வீட்டிலும் மீட்டர் நிலவறையில் இருக்கும். நிலவறையில்தான் இந்த ஊரார் தங்கள் உண்மையான பக்தியை வைத்திருப்பார்கள்: வடக்கு மேட்டில் கொதிகலனுக்கு மேலே பர்டியின் படம், தெற்கு மேட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே டுடெக்கின் படம். ஓரெஸ்ட் இரண்டுக்கும் தொப்பியைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பார்ப்பார். எந்த மேட்டுக்குப் போனாலும் காப்பி, கூடவே பாதாம் ரொட்டி. ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டிருந்தால் எவ்வளவு தின்னலாம் என்பதற்கு அவர் வயிறு சாட்சி.

2008-இல் அந்த நிம்மதிக்கு வேட்டு வைத்தார்கள். பள்ளிகள் இரண்டும் ஒன்றாகிப் பதினாலு வருடம் ஆகியிருந்தது. ஆற்றங்கரை மைதானத்தை ஆறு வெள்ளமாக வந்து மூன்று தடவை எடுத்துக்கொண்டதால், ஒரு குன்றின் தலையைச் சீவிப் புது மைதானம் போட்டார்கள். அதற்குப் பெயர் வேண்டும். ஒரே பெயர்தான், இரண்டு பெயர் வைத்தால் எதை முதலில் சொல்வது என்று இன்னொரு முப்பது வருடம் ஓடும். பள்ளி வாரியத்தில் வடக்குக்கு நாலு பேர், தெற்குக்கு நாலு பேர். ஒன்பது தடவை ஓட்டெடுத்தார்கள். ஒன்பது தடவையும் நாலுக்கு நாலு. தலைவி வெர்னா ஹாக்குக்கு ஓட்டு கிடையாது, சுத்தியல் மட்டும் உண்டு. வெளியூரிலிருந்து வந்து கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மாள். ஊரில் யாருக்கும் சொந்தமில்லை என்ற ஒரே தகுதியில் தலைவியானவர்.

"ஒம்போது தடவ நாலு வந்தா பத்தாவது தடவையும் நாலுதான் வரும், எனக்குக் கணக்கு தெரியும்" என்றார் வெர்னா. "ரெண்டு பேரையும் பக்கத்துல நின்னு பாத்தவர் மிஹாலிக். எந்தப் பக்கமும் சாயாதவர். அவரே சொல்லட்டும். ஆகஸ்ட் இருபத்தாறு கூட்டத்துல அவர் சொல்ற பேர்தான் பேரு. சொல்லலேன்னா கிரிக்ஸுக்குக் குடுத்துடலாம்."

கிரிக்ஸ் என்பவர் வீட்டுக் கழிவுத்தொட்டிகளைச் சுத்தம் செய்கிறவர். மைதானத்துக்குத் தன் பெயரை வைத்தால், ஆட்டக் கணக்கு காட்டும் பெரிய மின்னொளிப் பலகை ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தார். பெயர்ப்பலகைக்கு மாதிரியும் வரைந்து கொடுத்திருந்தார். அதில் ஒரு லாரியும் குழாயும் இருந்தன.

நிகழ்ச்சிநிரலை ஓரெஸ்ட் இரண்டு தடவை படித்தார். ஆறாவது: மைதானத்துக்குப் பெயர். ஏழாவது: இந்த வருடத்துச் சங்கிலிக்காரர்கள் நியமனம். நியமனத்துக்கு ஐந்து ஓட்டு வேண்டும். பர்டி என்றால் தெற்கின் நாலு போயிற்று. டுடெக் என்றால் வடக்கின் நாலு. ஆறில் எதைச் சொன்னாலும் ஏழில் கவ்வி போய்விடும். முப்பத்துநாலு வருட வெள்ளிக்கிழமைகள். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான், முட்டி மடங்குகிற வரைக்கும் அந்தக் கோட்டில் குனிந்து நிமிர வேண்டும்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை காலை, முடிவெட்டிக்கொள்ளப் போனார். பாலத்தடியில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர் லமாண்ட் பர்டியேதான். ஐம்பது வயது, இன்னும் ஒரு இடத்தில் நேராக நிற்க மாட்டார். நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்துதான் வெட்டுவார். எதிர்ச்சாரியில் வண்டிகளுக்குப் புகைக்குழாய் மாட்டும் பட்டறை வைத்திருக்கும் எமில் டுடெக், கட்டை குட்டையாக, மூலை நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். ஊர் எந்த இரண்டு பேருக்காக அடித்துக்கொள்கிறதோ, அந்த இரண்டு பேரும் இருபது வருடமாகச் சனிக்கிழமை காலையில் ஒன்றாகத்தான் காப்பி குடிக்கிறார்கள். இதை ஊர் பார்க்காத மாதிரி இருந்துவிடும்.

லமாண்ட் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டினார். "அண்ணே, கழுத்த நல்லா நிமித்துங்க. ம்... அப்படித்தான். இப்ப சொல்லுங்க, யாரு பெரிய ஆளு?"

"கத்தி வெச்சிருக்கவன்" என்றார் ஓரெஸ்ட், உதடு அசையாமல்.

எமில் பேப்பருக்குப் பின்னால் குலுங்கினார். "இவர்கிட்ட பதில் வாங்க கத்தி பத்தாதுடா. எம்பட்டறைக்குக் கூட்டிட்டு வா, வெல்டிங் மிஷின் இருக்கு."

"நீ பேசாத. தலைல இருக்கறது நாலு முடி. அத வெட்ட ஒரு மணி நேரமா உக்காந்திருக்க."

"நாலுன்னாலும் நேரா நிக்குதுல்ல? உன் ஓட்டம் மாதிரி வளையலையே."

"நேரா போய்த்தானே மூணு அங்குலத்துல விழுந்த?"

இதைக் கேட்டு எமிலுக்குக் கோபம் வரும் என்று நினைத்தால் உங்களுக்கு எமிலைத் தெரியாது. அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். அவருக்குப் பிடித்த விஷயம் ஆரம்பித்துவிட்டது.

1976 நவம்பர், வடக்கும் தெற்கும் மோதிய கடைசி ஆட்டம், மழை. வடக்கு பதினாலு, தெற்கு பதின்மூன்று. இரண்டு நிமிடம் இருக்கும்போது லமாண்ட் பந்தை நழுவவிட்டார். தெற்கு விழுந்து அமுக்கியது. எமில் மூன்று தடவை முட்டினார், சேற்றில் அவருடைய நாலு கஜம் இரண்டரையாகச் சுருங்கியது. நாலாவது தடவையும் முட்டினார். சங்கிலி உள்ளே போனது. மூன்று அங்குலம் குறைந்தது. பந்து வடக்குக்குத் திரும்பியது, ஆட்டமும் முடிந்தது. வடக்கு வெற்றி ஊர்வலம் போனது. அடுத்த வாரம் மாநிலப் போட்டியில் நாற்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றுத் திரும்பியது என்பதை வடக்கில் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

"அந்த மூணு அங்குலம்தாண்ணே என்ன ஆளாக்குச்சு" என்றார் எமில். "வருஷா வருஷம் பள்ளிக்கூட டீம் பசங்க விருந்துல அதத்தான் பேசறேன். பாதிப் பேரு அழுவானுங்க. இன்னிக்கும் எந்தக் குழாயையும் மூணு தடவ அளந்துதான் அறுப்பேன். அங்குலத்துக்கு ஒரு தடவ."

"எனக்கும்தான்" என்றார் லமாண்ட். "பந்த நழுவவிட்டது நானு. இவன் மட்டும் அன்னிக்குத் தாண்டியிருந்தா வடக்கு மேட்டுக்காரன் ஒருத்தனாவது என் கத்திக்குக் கழுத்த நீட்டுவானா? இந்தக் கடையே அந்த மூணு அங்குலத்து மேலதான் நிக்குது. அதனால அண்ணே, எம்பேர வெச்சுத் தொலைக்காதீங்க. பேரு வெச்சா பழசையெல்லாம் கிளறுவானுங்க."

"எம்பேரும் வேணாம்" என்றார் எமில். "ஆனா இவன் பேர வெச்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"அதேதான் நானும் சொல்றேன்" என்றார் லமாண்ட்.

அந்த நேரம் பார்த்து ஓரெஸ்ட்டின் தொண்டை ஏறி இறங்கியது. கத்தி ஒரு சின்னக் கோடு போட்டது.

"அசையாதீங்கண்ணே! முப்பது வருஷமா சிலை மாதிரி உக்காருவீங்க, இன்னிக்கு என்ன வந்துச்சு?"

கழுத்தில் துண்டுக் காகிதம் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவரைத் தெல்மா ஒரு பார்வையில் படித்துவிட்டாள். மாவைத் தேய்த்துப் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள். தெற்கு மேட்டில் பிறந்தவள். பச்சைக் கொடி பிடித்து வளர்ந்தவள்.

"நாலு அங்குலமா?" என்றாள்.

"ம்."

இந்த ஒரு விஷயத்தை ஓரெஸ்ட் உலகத்தில் ஒரே ஒருவரிடம் சொல்லியிருந்தார். அவளும் அதைக் கேட்டுவிட்டுத்தான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆகவே அவளுக்குச் சாதாரணக் கணவர்களிடம் கிடைக்காத ஒரு பிடி அவரிடம் கிடைத்தது.

தரையில் போடும் வெள்ளைக் கோடு தூரத்திலிருந்துதான் கோடு. கிட்டப் போனால் அது தெல்மா வெட்டிய மாவுப் பட்டை மாதிரி, நாலு அங்குல அகலம். ஆகவே அதற்கு இரண்டு ஓரம். எந்த ஓரத்துக்கு நேராகக் கவ்வியை மாட்டினாயோ, உள்ளே போய் அதே ஓரத்தில்தான் வைக்க வேண்டும். எப்போதும் பின்னோரம் என்பது வழக்கம். ஆனால் பந்து கைமாறினால் அணிகள் ஓடும் திசை மாறும். திசை மாறினால் பின்னோரம் முன்னோரம் ஆகிவிடும். அன்று மழையில் பத்து நிமிடமாக வடக்குதான் பந்தை வைத்துக்கொண்டு பாலத்தை நோக்கிப் போனது. பிறகு லமாண்ட் நழுவவிட்டார், தெற்கு திரும்பி எஃகு ஆலையை நோக்கிப் புறப்பட்டது. மாட்டும்போது ஓரெஸ்ட் யோசித்துச் சரியான ஓரத்துக்கு மாட்டினார். நாலாவது முயற்சி முடிந்து, ஊரே எழுந்து நிற்க, நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்க, இவர் சேற்றில் மண்டியிட்டுக் கவ்வியை வைத்தார். பத்து நிமிடப் பழக்கத்தில் கை எதிர் ஓரத்தில் வைத்தது. சங்கிலி முழுவதும் நாலு அங்குலம் முன்னால் போயிற்று. எமில் மூன்று அங்குலத்தில் தோற்றார். வீட்டுக்கு வந்து மேல்கோட்டைக் கழற்றும்போதுதான் ஓரெஸ்ட்டுக்கு உறைத்தது: அந்தப் பையன் ஒரு அங்குலம் தாண்டியிருந்தான்.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றாள் தெல்மா.

"எந்தப் பேரச் சொன்னாலும் கவ்வி போயிடும்."

"சொல்லலேன்னா?"

"கழிவுத்தொட்டி."

"ம்... கவ்வி போச்சுன்னா வெள்ளிக்கிழம சாயங்காலம் நீ வீட்ல இருப்ப."

"ஆமா."

"அத என்னால தாங்க முடியாது. ஏதாவது பண்ணுய்யா."

"பேரு சொல்றதுக்கு என்ன வாய் இருக்கு எனக்கு? தப்பா அளந்தவன் நானு."

தெல்மா கத்தியைக் கீழே வைத்தாள். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தன் கைப்பிடி நழுவுவது தெரிந்தது. "சொல்லிடப் போறியா? அப்புறம் நான் எத வெச்சு உன்னக் குப்பை கொட்ட அனுப்புறது?"

செவ்வாய்க்கிழமை மாலை தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். இடதுபக்கம் வடக்கு, வலதுபக்கம் தெற்கு. யாரும் சொல்லாமலே அப்படி உட்கார்வார்கள். பின்வரிசையில் லமாண்டும் எமிலும் ஒன்றாக. கிரிக்ஸ் முன்வரிசையில், குளித்துவிட்டு வந்திருந்தார். முதல் ஐந்து விஷயங்கள், கூரை ஒழுகுவது உட்பட, நாலு நிமிடத்தில் முடிந்தன.

"ஆறு" என்றார் வெர்னா. "மிஸ்டர் மிஹாலிக், வாங்க."

ஓரெஸ்ட் தவிட்டு நிறக் கோட்டோடு எழுந்தார். முப்பத்துநாலு வருடம் பேசாத மனிதர் தொண்டையைச் செருமினால் கூடமே செருமும்.

"மூணு வருஷத்துல எமில அளக்கச் சங்கிலி அறுபத்தோரு தடவ உள்ள போச்சு" என்றார். "அவன் எப்பவும் பத்துக்குக் கிட்டத்துல வந்துதான் விழுவான். அவன் விழற சத்தம்கூட எனக்குத் தெரியும். லமாண்டுக்காக ரெண்டே தடவதான் போச்சு. அவன் ஒண்ணு ரொம்பத் தாண்டிப் போயிடுவான், இல்ல ரொம்பப் பின்னால கெடப்பான். அளக்க வேண்டிய அவசியமே வராது. அதனால லமாண்ட நான் அளந்ததே இல்லேன்னு வெச்சுக்கலாம். எமில அளந்தேன். அதுல முக்கியமான ஒண்ண, எழுபத்தாறுல, தப்பா அளந்தேன்."

இடதும் வலதும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தன. அவர் ஓரம் ஓரமாக, நிதானமாக, மேசை விளிம்பில் விரலை வைத்துக் காட்டிச் சொன்னார். சொல்லி முடித்தபோது பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எமில் எழுந்து நின்றார்.

"அப்போ நான் எட்டிட்டேனா?"

"ஒரு அங்குலம் தாண்டிட்டப்பா."

எமில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "ஒரு அங்குலமா?"

"நல்ல அங்குலம்" என்றார் ஓரெஸ்ட்.

எமிலின் முகத்தில் பதினேழு வயது வந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு. உடனே அது ஐம்பதுக்குத் திரும்பியது. "அய்யய்யோ! அப்போ விருந்துல இனிமே நான் என்னத்தடா பேசறது?"

"நான் பேசறேன்" என்றார் லமாண்ட், நெற்றியைத் தடவிக்கொண்டே. "பந்த எப்படி நழுவவிடறதுன்னு. எனக்கு இனிமே வேற வழியில்ல."

அதற்குப் பிறகுதான் கூடம் வெடித்தது. வடக்கு எழுந்து, தன் வெற்றியைத் திருடிவிட்டதாக ஓரெஸ்ட்டைத் திட்டியது. தெற்கு எழுந்து, தன் வெற்றியை முப்பத்திரண்டு வருடம் ஒளித்துவைத்ததாக அதே ஓரெஸ்ட்டைத் திட்டியது. "இந்த ஆளுக்கு எத்தன வருஷம் காப்பி ஊத்துனேன்!" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பெண்கள் ஒரே குரலில் கத்திவிட்டு, ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டார்கள்.

வெர்னா சுத்தியலால் ஏழு தடவை தட்டினார். "ஆறாவதுல பேரு எதுவும் வரல. ஆகவே கிரிக்ஸ்." கிரிக்ஸ் எழுந்து வணங்கினார், யாரும் பார்க்கவில்லை. "ஏழு. சங்கிலிக்காரங்க. மிஹாலிக் வேணுங்கறவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. ஓரெஸ்ட் கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

"சரி, அவருக்குப் பதிலா யாரு?" என்றார் வெர்னா.

வடக்கின் நாலு பேரும் ஒரு வடக்கு மேட்டுக்காரரின் பெயரைச் சொன்னார்கள். தெற்கின் நாலு பேரும் ஒரு தெற்கு மேட்டுக்காரரின் பெயரைச் சொன்னார்கள். ஓட்டெடுத்தார்கள். நாலுக்கு நாலு. மறுபடி எடுத்தார்கள்.

வெர்னா கண்ணாடியைக் கழற்றினார். "நான் இந்த ஊருக்கு வந்து முப்பத்தஞ்சு வருஷமாச்சு. ரெண்டு பக்கமும் சரிசமமா திட்டு வாங்கின ஒரு ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். இதவிட நடுநிலையான ஆள் வேணும்னா வெளியூர்ல போய்த்தான் தேடணும். இல்ல, பத்து நாள்ல மொத ஆட்டம், சங்கிலியத் தொட ஆளில்லாம நிக்கலாம். உங்க இஷ்டம்."

பிறகு வடக்கில் ஒரு கை, பல்வலிக்காரனைப் போல, மெல்ல ஏறியது. அது தனியாக நிற்பதைப் பொறுக்க முடியாமல் தெற்கில் ஒன்று ஏறியது. வடக்கில் இரண்டு, தெற்கில் இரண்டு. கடைசியில் எட்டுக் கையும் மேலே இருந்தன. வாரியம் உருவான நாளிலிருந்து எட்டுக் கையும் ஒன்றாக ஏறியது அதுவே முதல் தடவை, அதுவும் வேண்டாவெறுப்பாக.

ஆட்சேபணை ஒன்று பதிவானது. அது தெல்மாவுடையது. "கவ்வி கெடச்சாச்சு, சரி. குப்பைய யாரு கொட்டுவா?"

எழுபத்தாறின் வெற்றியை வைத்து வடக்கு பேச முடியாமல் போயிற்று. நடுவரைத் திட்டித் தெற்கு பேச முடியாமல் போயிற்று. பழைய வாதங்கள் இரண்டும் ஒரே இரவில் செத்துவிட்டதால் பர்டியா டுடெக்கா என்ற கேள்வி அடியோடு ஒழிந்திருக்க வேண்டும். அது இப்போதுதான் தேகம் தேறி நடக்கிறது. நாலாவது முயற்சியில் தாண்டியவன் பெரியவனா, பந்தை நழுவவிட்டு அளந்தவனையே குழப்பியவன் பெரியவனா என்று இரண்டு புதுக் கட்சிகள் உருவாகியிருக்கின்றன. என் கட்சி எது என்று கேட்பவர்களுக்கு: லமாண்டிடம் முடி வெட்டிக்கொள்கிறேன், வண்டியை எமிலிடம் விடுகிறேன்.

செப்டம்பர் முதல் வெள்ளி. புது மைதானத்தின் வாசலில் லாரியும் குழாயும் வரைந்த பலகை. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள எந்த மேட்டிலிருந்தும் ஒருவர் முன்வரவில்லை. வெகுகாலத்துக்குப் பிறகு ஊர் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டது. சாஸேஜ் கடையில் ஓரெஸ்ட்டுக்குக் கடுகுச் சாந்து தரவில்லை. பியரோகிக் கடையில் வெங்காயம் தரவில்லை. அவர் இரண்டையும் ஒரே மாதிரி மென்று, ஒரே மாதிரி தலையாட்டினார்.

இரண்டாம் பகுதியில், மூன்றாவது முயற்சியில், நம் பையன் ஒருவன் பத்துக்குக் கிட்டத்தில் போய் விழுந்தான். நடுவர் கையைச் சுழற்றினார். சங்கிலி உள்ளே போனது. ஓரெஸ்ட் கோட்டை நெருங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. மேல்வரிசையில் இருந்த எமிலும் லமாண்டும்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் இருவரும் மறுக்கிறார்கள். ஆனால் ஒரு குரல் வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு இடது வலது என்றில்லாமல் மொத்த மைதானமும், வெளியூர் அணியின் ஆட்கள் விழிக்க விழிக்க, ஒரே தாளத்தில் கத்தியது:

"எந்த ஓரம், ஓரெஸ்ட்?"

சங்கிலிக்காரர் பதில் சொல்லக் கூடாது. அவர் கவ்வியைப் பின்னோரத்தில் வைத்தார். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். சங்கிலி இறுகியது. பிறகு, தலையைத் தூக்காமல், எந்தப் பக்கத்துக்கும் தெரியாதபடி, புல்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.